சம்பளமில்லாத குவாட்டர்பெக்

1

என் மகன் பாண் சுட்டு விற்கப்போகிறான் என்று நினைத்து ஒரு கிழமை முழுக்கச் சோறு தொண்டைக்குள் இறங்காமல் திரிந்தவன் நான். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். பேர்ண் நகரத்தில் என்னைப்போல ஹோட்டல் குசினிக்குள் சமையல் வேலையில் நின்று மொழி பழகியவர்களுக்கு மட்டுமே இப்படியொரு விபத்து நடக்கும்.

பேர்ண்காரர் பேக்கரிக்காரனை 'பெக்' என்பார்கள். ஒரு குடியிருப்புப் பகுதியை 'குவார்ட்டியர்' என்பார்கள். இரண்டையும் சேர்த்தால் குவார்ட்டியர்பெக், அதாவது அந்தச் சுற்றுவட்டாரத்துக்குப் பாண் சுடுகிற ஆள். பூம்ப்ளிஸில் எங்கள் வீட்டுக்குக் கிட்டவும் அப்படி ஒருவர் இருக்கிறார். மகன் நிரூபன் ஒன்பதாம் வகுப்புப் படித்த நேரம். மேலே படிப்பதா, தொழில் பழகுவதா என்று இங்கே பிள்ளைகள் முடிவெடுக்கிற வயது அதுதான். ஒரு மாலை சப்பாத்தையும் கழற்றாமல் ஓடிவந்து, "அப்பா, நான் குவாட்டர்பெக்! ட்றெயினர் சொல்லிட்டார்!" என்று கத்தினான்.

எனக்குக் கேட்டது பாண் சுடுகிறவன்தான். கனடாவில் இருக்கிற தமையனுக்குப் போன் எடுத்து, "அண்ணை, பெடியன் பேக்கரிக்குப் போறானாம்" என்று மூக்கைச் சீறினேன். "போகட்டன். அங்க பேக்கரிக்காரனுக்கு நல்ல சம்பளமாம்" என்றார் அவர். கிழமைக் கடைசியில் பொறுக்க முடியாமல் மகனிடம் கேட்டுவிட்டேன். "விடியப்புறம் எழும்பி மாக் குழைக்கவோடா உன்னைப் பெத்து வளத்தனாங்கள்?"

அவன் தாயைத் திரும்பிப் பார்த்தான். "அம்மா, அப்பாவுக்கு என்ன?"

பிறகுதான் விளங்கியது. அமெரிக்கன் ஃபுட்போல் என்று ஒரு விளையாட்டு. பெயரில்தான் கால், விளையாட்டு முழுக்கக் கையால். பந்தும் உருண்டை இல்லை, மாங்காய் மாதிரி. ஒவ்வொரு முறையும் பந்தை முதலில் கையில் வாங்கி, எறிவதா யாரிடமாவது கொடுப்பதா என்று முடிவெடுக்கிறவனுக்குப் பெயர் குவாட்டர்பெக். அவனுக்கு முன்னால் ஐந்து பருத்த பெடியள் மதில் மாதிரி நின்று, எதிராளி அவனைப் போட்டு மிதிக்காமல் காப்பார்கள். அவன் வாயைத் திறந்தால்தான் ஆட்டம் நகரும். ஒரு கறுத்தத் தமிழ்ப் பெடியன் கட்டளை சொல்ல, வெள்ளைக்காரப் பெடியள் ஒரு கூட்டம் காது கொடுத்துக் கேட்கிற இடம் இந்த நாட்டில் எனக்குத் தெரிய அது ஒன்றுதான். அந்த இடம் என் பிள்ளையிடமிருந்து எப்படிப் போனது, என்ன விலைக்குத் திரும்பி வந்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

2

அவன் அந்த மைதானத்துக்கு முதன்முதலாகப் போனது 2009ஆம் ஆண்டு வசந்தத்தில். ஊரில் நடந்துகொண்டிருந்தது உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நானும் மனிசியும் வேலை முடிந்த கையோடு பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்றோம். தொண்டை கட்டும்வரை கத்தினோம். முதல் சில நாள் அவனையும் கூட்டிக்கொண்டு போனோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, அங்கே தூக்கிப் பிடித்திருந்த செத்தவர்களின் படங்களைப் பார்த்துவிட்டு இரவில் அலறத் தொடங்கினான். அதற்குப் பிறகு பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவோம். அந்த வீட்டுப் பெடியன் இந்த விளையாட்டுப் பழகிக்கொண்டிருந்தான், இவனையும் இழுத்துக்கொண்டு போனான். நாங்கள் நாட்டுக்காகத் தெருவில் நின்ற மாதங்களில் எங்கள் பிள்ளை வேறொரு நாட்டின் விளையாட்டைப் பழகிவிட்டான். யாரில் குற்றம் சொல்வது?

தமிழ்ப் பள்ளிக்கூடம் அவனுக்குச் சனிக்கிழமை. பயிற்சியும் சனிக்கிழமை. எது வென்றது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். கேள்வி தமிழில் கேட்டால் பதில் பேர்ண் டொச்சில், இந்த ஊர் ஜெர்மன் மொழியில், வரும். கோயில் திருவிழாவுக்கு வந்தால் அரை மணித்தியாலத்தில் கைபேசியும் கையுமாக வெளியே நிற்பான். நான் விடிய ரயில் ஏறித் துன் நகரத்து ஹோட்டல் குசினிக்குப் போய், மரக்கறி வெட்டி, அண்டா கழுவி, உல்லாசப் பயணிகள் தின்று முடித்தபின் திரும்பி வருகிறவன். பிள்ளையைக் காண்பது சாப்பாட்டு மேசையில். மேசையிலும் அவன் வாய் திறந்தால் அந்த மாங்காய்ப் பந்துதான். ஊரிலிருந்து சொந்தக்காரர் போன் எடுத்தால், "பெடியன் சுவிஸ்காரனாகிட்டான்" என்று சொல்லிச் சலித்துக்கொள்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

ஆனால் ஒன்று. அவன் ஆடுகிற நாளில் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது நெஞ்சு நிமிர்ந்து போகும். விதிமுறை ஒரு சாமானும் விளங்காது. அவன் கையை ஓங்குவதும் பந்து தூரத்தில் ஒருத்தன் நெஞ்சில் போய் ஒட்டுவதும் விளங்கும். அது போதும் எனக்கு.

3

பெரியவர்களின் அணிக்கு அவன் குவாட்டர்பெக்காகி மூன்றாவது பருவமும் கோப்பை வரவில்லை. அரையிறுதியோடு நின்றார்கள். கழகத்தின் தலைவர் உர்ஸ், தரைவிரிப்புக் கடை வைத்திருக்கிற மனிதர், கையைப் பிடித்தால் கழற்றிக்கொண்டு போவது மாதிரிக் குலுக்குவார். அவருக்கு ஒரு யோசனை வந்தது. அமெரிக்காவிலிருந்து ஒரு குவாட்டர்பெக்கை இறக்குவது. சம்பளம், வீடு, ரயில் சீட்டு எல்லாம் கழகத்தின் செலவு. இங்கே மற்ற விளையாட்டுக்காரர் எல்லோரும் வருஷச் சந்தா கட்டி, தங்கள் காசில் தலைக்கவசம் வாங்கி ஆடுகிறவர்கள் என்பதை மறக்காதீர்கள்.

அப்படி வருகிறவருக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் 'இம்போர்ட்'. நானும் வெளியிலிருந்து வந்தவன்தான். எனக்கு இங்கே வைத்த பெயர்கள் வேறு. அகதி, வெளிநாட்டான், தற்காலிக அனுமதிக்காரன். ஒரு நாளும் ஒருவனும் என்னை இம்போர்ட் என்று சொன்னதில்லை. அமெரிக்காவிலிருந்து வந்தால் சரக்கு, யாழ்ப்பாணத்திலிருந்து வந்தால் சுமை.

கழகத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், ரோல்ஸுக்காக. பூம்ப்ளிஸ் கொண்டாட்டங்களில் கழகத்துக்குக் காசு சேர்க்க நானும் மனிசியும் ஆட்டிறைச்சி ரோல்ஸ் சுட்டுக் கொடுக்கிறது வழமை. வாசலில் கண்டதும் உர்ஸ் தோளில் தட்டி, "சிவா, இந்த வருஷம் இரண்டு மடங்கு ரோல்ஸ் வேண்டும், இம்போர்ட் நிதிக்கு" என்றார். என் பெயர் சிவபாலசுந்தரம். அவருக்கு அதில் கால்வாசிதான் வாயில் நிற்கும். என் பிள்ளையின் இடத்தைப் பிடிக்க வருகிறவனுக்குச் சம்பளம் கொடுக்க நான் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கவேண்டுமாம். பல்லைக் கடித்துக்கொண்டு, "யா, யா" என்றேன்.

ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். அந்த நேரம் நிரூபனின் பிரஜாவுரிமை விண்ணப்பம் உள்ளே கிடந்தது. இந்த மண்ணிலேயே பிறந்த பிள்ளைக்கு இந்த மண்ணின் கடவுச்சீட்டு வேண்டுமென்றால், இவன் இங்கே ஒட்டி வாழ்கிறான் என்று நாலு சுவிஸ்காரர் சொல்லவேண்டும். எந்தக் கழகத்தில் இருக்கிறாய் என்று விசாரணையில் கேட்பார்கள். அவனுக்காக நற்சான்று எழுதிக் கொடுத்தவர் உர்ஸ். பிறகு அவரோடு நான் என்னத்தைச் சண்டை பிடிக்கிறது?

வாக்கெடுப்பு நடந்தது. இம்போர்ட்டுக்கு ஆதரவானவர்கள் கை தூக்குங்கள் என்றார் உர்ஸ். மண்டபம் முழுக்கக் கைகள். முன்வரிசையில் நிரூபனின் கையும் மேலே நின்றது.

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டேன். "நீ ஏனடா கை தூக்கினனீ?"

"டீமுக்கு நல்லம்தானே அப்பா."

"உன்ர இடமெல்லோ போகுது!"

"நான் வேற இடத்தில ஆடலாம். கூட்டத்தில அப்பிடி எனக்கு மட்டும் பாக்க ஏலாது."

அப்படியே அவன் கன்னத்தைப் பொத்தி ஒன்று கொடுக்கவேண்டும் போல இருந்தது. கொடுக்கவில்லை. இந்த நாட்டில் பிள்ளைக்கு அடித்தால் பொலிஸ் வரும். அவன் என்னைவிட ஒரு முழம் உயரம் என்பது அடுத்த காரணம்.

4

ஊரிலும் இந்த வியாதி இருந்தது. நாங்கள் அதை 'வெளி ஆள் இறக்குறது' என்போம். வடமராட்சியில் எங்கள் கழகம் உதைபந்தாட்ட இறுதிப் போட்டிக்கு வந்த ஒரு வருஷம், ஒரு பெரிய மனிதர் காசை நீட்டி, மன்னாரிலிருந்து ஒரு கோல் காப்பாளனை இறக்கினார். அந்த ஆளுக்குப் பஸ் காசு, புதுச் சப்பாத்து, கோழிக்கறியோடு சாப்பாடு. அதுவரை எல்லா ஆட்டத்திலும் விழுந்து விழுந்து கோல் காத்த துரையை வெளியே இருக்கச் சொன்னார்கள்.

துரை இருக்கவில்லை. ஆட்டம் தொடங்க முதல் நடு மைதானத்துக்கு நடந்துபோய், அந்தப் பெரிய மனிதரின் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டினான். காது கொடுத்துக் கேட்க முடியாத தூஷணம். ஒலிபெருக்கிக்காரன் பாட்டைச் சத்தமாகப் போட்டும் அமுக்க முடியவில்லை. சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுப் போனவன் அந்தக் கழகத்துப் பக்கம் பிறகு திரும்பியும் பார்க்கவில்லை. கோப்பையும் எங்களுக்கு வரவில்லை. மன்னார்க்காரன் நல்லாய்த்தான் பிடித்தான். ஆனால் துரையின் கூட்டாளிகளான பின்வரிசைக்காரர் இரண்டு பேர் அன்றைக்குக் கால் அசைக்கவே இல்லை.

அன்றைக்குத் துரையை மரியாதை தெரியாதவன் என்று ஏசியவர்களில் நானும் ஒருவன். ஆண்டுக் கூட்டத்திலிருந்து திரும்பிய அன்று அவன் நினைவு விடாமல் வந்தது. அந்த மண்டபத்தில் தூஷணம் பேச ஒரு துரை இல்லாமல் போனானே என்று இருந்தது.

5

வந்த அமெரிக்கனின் பெயரே கோடி. உண்மையாகவே அதுதான் அவன் பெயர், நான் பகிடிக்குச் சொல்லவில்லை. சம்பளம் அவ்வளவு பெரிது இல்லைத்தான். ஆனால் சந்தாவிலும் ரோல்ஸிலும் ஓடுகிற கழகத்துக்கு அது கோடிக்கணக்குத்தான்.

பெடியனில் ஒரு குறையும் சொல்லமாட்டேன். சாப்பிட வீட்டுக்கு வந்தான். என்னை 'சேர்' என்று கூப்பிட்டான். சுவிஸில் எனக்குக் கிடைத்த முதல் 'சேர்' அது. அவன் பந்து எறிகிற அழகை நான் மறுத்தால் என் கண் அவிந்துபோகும். முதல் ஆட்டங்களில் எதிராளிகளைத் துவைத்துக் காயப்போட்டார்கள். உர்ஸ் வேலியோரத்தில் நின்று துள்ளினார்.

பிறகு மற்றப் பக்கம் கழலத் தொடங்கியது. முன்வரிசைப் பருத்த பெடியளைப் பழக்கிய ட்றெயினருக்குக் கொடுத்த சின்னக் கொடுப்பனவை நிறுத்தினார்கள். அவர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். தூரத்து ஆட்டங்களுக்குப் பஸ் இல்லை, சொந்தக் காரில் வாருங்கள் என்றார்கள். சந்தாவையும் கூட்டினார்கள். 'காசும் நான் கட்டி, அடியும் நான் வாங்கி, முன்னால் நின்று சம்பளக்காரனைக் காக்கவேண்டுமோ?' என்று கேட்டு மதிலில் இரண்டு பேர் விலகினார்கள். ஒருவன் வேறு ஊர்க் கழகத்துக்கே போய்விட்டான். மதிலில் இரண்டு ஓட்டை.

ஒரு ஓட்டைக்குள் யார் போய் நின்றான்? என் பிள்ளைதான். எடை போதாது, ஆனால் வேறு ஆள் இல்லை. நடுவில் குனிந்து நின்று, பந்தைத் தன் இரண்டு காலுக்கும் இடையால் பின்னுக்கு நிற்கிற கோடியிடம் கொடுக்கிற வேலை. கொடுத்த கையோடு முன்னாலிருந்து வருகிற எருமைகளை நெஞ்சால் தாங்கவேண்டும். கட்டளை சொன்ன பிள்ளை குனிந்து நின்று அடுத்தவனுக்குப் பந்து எடுத்துக் கொடுப்பதை நான் அந்தப் பருவம் முழுக்கப் பார்த்தேன். மனிசி இரண்டாவது ஆட்டத்தோடு வருவதை நிறுத்திவிட்டாள்.

அரையிறுதியில் கோடி எழும்பி நின்ற நேரத்தைவிட நிலத்தில் கிடந்த நேரம்தான் கூட. கடைசியில் தோள் கழன்றுபோக, பந்து எறியத் தெரிந்த என் பிள்ளை, அவனிடத்துக்கு வேறு ஆள் இல்லாததால் மதிலுக்குள்ளேயே களைத்து நிற்க, எறியத் தெரியாத ஒருத்தனைப் பின்னால் விட்டுத் தோற்றார்கள். ஆசுப்பத்திரிக்குக் கோடியோடு போனவனும் நிரூபன்தான்.

அன்றைக்கு வந்து மேசையில் இருந்துகொண்டு எனக்கு விளங்கப்படுத்தினான். அரைத் தமிழும் அரை டொச்சுமாக.

"அப்பா, சட்டி ஒண்டுதான். ஒராளுக்கு நிறையப் போட்டா மற்றாக்களுக்கு இல்லை. அமெரிக்காவில பெரிய டீமுகளுக்கும் இதே பிரச்சினை. அங்க இவ்வளவுக்கு மேல சம்பளம் குடுக்க ஏலாது எண்டு ஒரு எல்லை இருக்கு. குவாட்டர்பெக்குக்குப் பெரிய துண்டைக் குடுத்திட்டா முன்னுக்கு நிக்கிறாக்களுக்குக் காசு காணாது. முன்னுக்கு ஆள் இல்லாட்டி அவன் என்ன எறியிறது? மலிவான குவாட்டர்பெக் இருக்கேக்க, மிச்சக் காசில மற்ற இடங்களை நல்லா நிரப்பி, கப் எடுத்த டீமுகள் இருக்கு."

"இதை நீ கை தூக்க முதல் சொல்லியிருக்கலாமே!"

"அப்ப எனக்காகக் கதைக்கிறன் எண்டு நினைச்சிருப்பினம்."

கோடி ஊருக்குத் திரும்பிய பிறகு நடந்த கூட்டத்தில் அவன் இதைச் சொன்னான். சட்டி, துண்டு எல்லாம் வைத்து, வெண்பலகையில் வட்டம் கீறி. உர்ஸ் மேசையில் தட்டினார். "இந்தப் பெடியன் படிச்சவன்!" என்றார். எல்லோருக்கும் விளங்கியது. விளங்காமல் போயிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

6

அடுத்த பருவம் குவாட்டர்பெக் மறுபடியும் நிரூபன். கோடிக்குப் போன காசில் முன்வரிசைக்குப் புது ட்றெயினர், தூரத்து ஆட்டங்களுக்குப் பஸ். லுசேர்ண் பக்கத்திலிருந்து இரண்டு மலைபோன்ற பெடியள், அவர்களுக்குப் போக்குவரத்துச் செலவும் கையில் கொஞ்சமும். மதில் அசையவில்லை. அதற்குப் பின்னால் என் பிள்ளை நின்று நிதானமாக எறிந்தான். ஒவ்வொரு ஆட்டமாகத் தட்டிக்கொண்டு போய், ஆடி மாத வெயிலில் கோப்பையைத் தூக்கினார்கள். மனிசி வேலியைத் தாண்டி ஓடிப்போய் அவன் வியர்வைச் சட்டையைக் கட்டிப் பிடித்தாள். நான் அழுதேன். மறைக்க ஒன்றும் இல்லை, வாய்விட்டே அழுதேன்.

அன்றைக்கு மைதானத்திலேயே கொண்டாட்டம். உர்ஸ் கதிரையில் ஏறி நின்று ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார். ட்றெயினருக்கு, பஸ் சாரதிக்கு, லுசேர்ண் பெடியளுக்கு. கடைசியாக நிரூபனைப் பக்கத்தில் இழுத்து, அவன் தலையில் கை வைத்து உரக்கச் சொன்னார்: "ஏர் கொஷ்டெட் ஊஸ் நூட்!"

எங்களுக்கு இவன் ஒரு சல்லியும் செலவில்லை என்று அர்த்தம். கூட்டம் விசிலடித்தது. லுசேர்ண் பெடியள் தகர மேசையில் குத்தினார்கள். நிரூபனும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். உர்ஸுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. புகழ்ந்துதான் சொன்னார். சும்மா வேலை செய்வதற்கு இந்த நாட்டில் கௌரவம் என்று ஒரு சொல் சேர்த்து வைத்திருக்கிறார்கள், அந்தக் கௌரவத்தைத்தான் கொடுத்தார்.

ஆனால் எனக்கு அந்தச் சொல் செருப்பால் அடித்தது போல இருந்தது. எங்களைப் பற்றி முதலாளிமார் ஆளுக்காள் சொல்லிப் பரிந்துரைத்ததும் இதைத்தானே. தமிழரை எடு, நல்லாய் வேலை செய்வார்கள், மலிவு, முணுமுணுக்க மாட்டார்கள்.

மனிசிக்கு உர்ஸின் டொச் பிடிபடவில்லை. "என்னவாம்?" என்று என் கையைச் சுரண்டினாள்.

"எங்கட பிள்ளை கெட்டிக்காரனாம்" என்றேன்.

7

புதுப் பருவத்துக்கு முன்னால் நிரூபனே ஒரு நாள் சொன்னான், உர்ஸிடம் கேட்கப்போகிறேன் என்று. பயிற்சிக்காகச் சனிக்கிழமை வேலையை விட்டுவிட்டான். படிப்புச் செலவு இருக்கிறது. "கோடி மாதிரி இல்லை அப்பா. லுசேர்ண் ஆக்களுக்குக் குடுக்கிறதில பாதி காணும். சந்தா எடுக்காம விட்டாலும் காணும்" என்றான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கேளடா, நல்லாக் கேள். கப் எடுத்துக் குடுத்தவன் நீ" என்று வாசல்வரை போய் அனுப்பி வைத்தேன். போகிறவனின் முதுகில் துரையின் நடையைக் கண்டது மாதிரிக்கூட இருந்தது.

பொழுதுபட முதல் வந்துவிட்டான். சைக்கிளை நிறுத்தி, கை கழுவி, மேசையில் இருந்தான். மனிசி சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டாள். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன சொன்னவர்?"

"சிரிச்சவர்." ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டான். "'நிரு, நீதானே எங்களுக்கு விளங்கப்படுத்தினனீ. குவாட்டர்பெக்குக்குக் காசு குடுத்தா மற்றாக்களுக்கு இல்லை, கப் வராது எண்டு. உன்ர சொல்லைத்தானே நாங்கள் கேக்கிறம்' எண்டு சொன்னவர்."

"சந்தா?"

"அது எல்லாருக்கும் ஒண்டுதானாம்."

"நீ என்ன சொன்னனீ?"

"ஈஷ் குவெட் எண்டன்."

சரி, பரவாயில்லை என்று அர்த்தம். லீவு கேட்டு இல்லை என்றாலும், மேலதிக நேரத்துக்குக் காசு கேட்டு இல்லை என்றாலும், எங்கள் குசினியில் நாங்கள் எல்லோரும் சொல்லிவிட்டுத் திரும்பி வருகிற சொல் அதுதான்.

"அவ்வளவுதானோடா?" என்றேன். "ஒரு வார்த்தை ஏசக்கூட இல்லையோ?"

அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான், ஏதோ நான்தான் சின்னப் பிள்ளை என்பது மாதிரி. "அவையளின்ர பக்கத்தில இருந்து பாத்தா, அதுவும் சரிதானே அப்பா."

மனிசி அவனுக்கு இன்னும் ஒரு அகப்பை சோறு வைத்தாள். பெடியன் சுவிஸ்காரனாகிவிட்டான் என்று இத்தனை வருஷமும் ஊருக்கெல்லாம் சொல்லி அழுதிருக்கிறேன். முழுப் பொய். சுவிஸ்காரன் என்றால் மேசையில் தட்டிக் கேட்டு வாங்கியிருப்பான். இல்லை என்று கை விரித்தவனுக்காக அவன் பக்கத்து நியாயத்தையும் தானே எடுத்துச் சொல்லிவிட்டு, இருந்து சோறு தின்கிறானே, இவன் என் பிள்ளை. அச்சு அசலாக என் பிள்ளை.